நாலாவது துணைத்தேற்றம்

பொன்னாடை போர்த்தியவர்கள் எல்லாரும் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார்கள், ஆடைகள் மட்டும் ஆவுடைநாயகியின் மடியிலேயே கிடந்து தொடையைச் சுட்டன. சரிகை என்று பேர், கை வைத்தால் பிளாஸ்டிக். அந்தக் குவியலுக்கு அடியில் போன் இருந்தது, போனுக்குள் பானு அனுப்பிய செய்தி இருந்தது. வாசலில் சந்தனம் தொட்டுக்கொண்டபோது அதை ஒரு கண்ணால் படித்துவிட்டு, படிக்காதவள் மாதிரிச் சிரித்துக்கொண்டே வந்து மேடையில் உட்கார்ந்திருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸில் அவளே ஆள் உயரத்துக்கு நின்றாள், கீழே ‘ஆவுடைநாயகி சமநிலைத் தேற்றம், வாழ்நாள் சாதனை விருது’ என்று கொட்டை எழுத்து. ஒரு தேற்றத்துக்குத் தன் பேர் வைத்து அதைத் தமிழில் அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள், கீழே இறங்கிப் போய் எதிரில் நின்று ஒரு முறை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று காலையிலிருந்தே ஆசை, வெட்கமாகவும் இருந்தது. மைக்கில் பேராசிரியர் தேவசகாயம் தொண்டையைச் செருமினார். எண்பதைத் தாண்டியவர், அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கணிதத் துறையின் தலைவர், இன்றைக்குச் சிறப்பு விருந்தினர். அவர் பேசி முடித்ததும் அவர் கையாலேயே கேடயம் கொடுப்பார், பிறகு அவளுடைய ஏற்புரை, பிறகு சாப்பாடு. அவர் வாயைத் திறந்தால் அரை மணிக்குக் குறைந்து மூட மாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் நீட்டி முழக்க வேண்டும் என்று ஆவுடை வேண்டிக்கொண்டாள், ஏனென்றால் அந்த அரை மணிக்குள் அவளுக்கு ஒரு வேலை முடிந்தாக வேண்டும்.

ஏட்டி, நாலாவதுல நிக்குது, என்று ஆரம்பித்திருந்தாள் பானு. மெஷின் ஒத்துக்கிட மாட்டேங்கு. இதுல மிகப் பெரியதை எடுத்துக்கிடுவோம்னு நீ பாட்டுக்கு எழுதிட்ட. எது பெரிசுன்னு அது கேக்கு. விடிஞ்சதுலருந்து பாக்கேன், சொல்ல வழியில்ல. விழா முடிஞ்சி கூப்பிடு, பதறாத. பதறாதே என்று சொல்லுமளவுக்கு ஆகிவிட்டது. மெஹர்பானு பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் ஆவுடையோடு ஒரே அறையில் கிடந்தவள், தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, சும்மா இருக்க மாட்டாமல், நிரூபணங்களைக் கணினிக்கு வரி வரியாகச் சொல்லிக் கொடுத்துச் சரிபார்க்கும் வேலையைக் கற்றுக்கொண்டாள். மேலப்பாளையத்தில் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, உன் தேற்றத்தை நாந்தான் அதுக்கு ஊட்டுவேன், வேற யார்ட்டயும் குடுக்காத என்று வாங்கிப் போனவள். போன வருஷத்திலிருந்து ஊட்டுகிறாள். முதல் மூன்று துணைத்தேற்றங்களையும் அந்த யந்திரம் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது, நாலாவது சரி என்று வைத்துக்கொண்டு மற்றவற்றையும் ஏற்கெனவே ஊட்டி வைத்திருக்கிறாள். ஒரு பெரிய தேற்றம் நிற்பதற்கு அடியில் கொடுக்கிற முட்டுகள்தான் துணைத்தேற்றங்கள், அவளுடையதற்குப் பன்னிரண்டு முட்டு, ஆறாவதும் ஒன்பதாவதும் கடைசியும் நாலாவதின் மேல்தான் நிற்கின்றன. நாலாவது போனால் மூன்றும் போகும், மூன்றும் போனால் பின்னால் நிற்கிற ஃப்ளெக்ஸை மடித்து வைத்துவிடலாம். மிகப் பெரியதை எடுத்துக்கொள்வோம். அதில் என்ன தப்பு, நாலு எண் இருந்தால் அதில் ஒன்று பெரியதாகத்தானே இருக்கும் என்று கீழே உட்கார்ந்திருக்கிற முந்நூறு பேரும் கேட்பார்கள். தேவசகாயமும் கேட்பார். கேட்கக் கூடாத ஒரே ஆள் ஆவுடைநாயகிதான்.

“நான் அன்றைக்கே இந்தப் பெண்ணிடம் சொன்னேன்,” என்றார் தேவசகாயம் மைக்கில், “ஏம்மா, ஒரு கையை முதுகுக்குப் பின்னாலே கட்டிக்கொண்டு குஸ்தி போடுகிறாயே, யார் உன்னைக் கட்டச் சொன்னது என்று.” கூட்டம் சிரித்தது, ஆவுடையும் சிரித்தாள். சொன்னது உண்மைதான், ஆனால் சொன்ன இடம் மேடை இல்லை, பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வு, அதைச் சொல்லித்தான் அன்றைக்கு அவளை வெளியே அனுப்பினார். அவள் கையைக் கட்டியது வேறு யாரும் இல்லை, அவளேதான். ஒரு பொருள் இல்லாமல் இருக்க முடியாது, ஆகவே இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடுவது உலக வழக்கம், தேவசகாயத்தின் கணிதம் முழுக்க அப்படித்தான் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. அவளுக்கு அது இறங்கவில்லை. இருக்கிறது என்றால் எடுத்துக் காட்டு. எடுத்துக் காட்ட முடியாவிட்டால், எடுக்கும் வழியையாவது சொல், அந்த வழியை ஒரு கணினிக்குக் கொடுத்தால் அது போய் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய கொள்கை, அதற்கு உள்ளமைப்புக் கணிதம் என்று வாயில் நுழையாத ஒரு பேர். முதல் வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறாரே அவள் வீட்டுக்காரர் நெல்லையப்பன், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர், அவரைக் கேட்டால் சொல்வார். கல்யாணமான புதிதில் ஸ்கூட்டர் சாவியைத் தொலைத்துவிட்டு, “வீட்டுக்குள்ளதான் இருக்கணும், வண்டியை ஓட்டித்தான வந்தோம், வேற எங்க போவும்?” என்றார். “இருக்கணும்ங்கது எனக்கு வேண்டாம். எங்க இருக்குன்னு சொல்லுங்க” என்றாள் இவள். “உன்னைக் கட்டுனவன் எதையும் தொலைக்கப்படாது தாயே” என்று கும்பிட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். இப்போது அவர் தலை லேசாக ஆடியது, தூக்கமா ஆமோதிப்பா தெரியவில்லை. புதுச் சட்டையின் கழுத்துப் பட்டையில் விலைச்சீட்டு கட்டியிருந்த நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, அதை யாராவது அவரிடம் சொன்னால் தேவலை.

எது பெரியது. கேள்வி என்னவோ எல்.கே.ஜி. கேள்விதான். முழு எண்ணாக இருந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் நாலாவதில் வருகிற எண்கள் அப்படி இல்லை, புள்ளிக்குப் பின்னால் இலக்கங்கள் வந்துகொண்டே இருப்பவை, முடிவே கிடையாது. இரண்டு எண்ணை எடுத்துக்கொள், இலக்கம் இலக்கமாக ஒப்பிடு. முதல் ஆயிரமும் ஒன்றுபோல இருக்கிறது, அடுத்த ஆயிரமும் ஒன்றுபோல இருக்கிறது. எங்காவது ஓரிடத்தில் பிரிந்தால் இது பெரியது என்று கை காட்டலாம். பிரியாவிட்டால்? கண் பூத்துப் போகும்வரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான், இரண்டும் சமம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகவும் முடியாது, அடுத்த இலக்கத்தில் என்ன இருக்கிறதோ. ஏதாவது ஒன்று பெரியது, இல்லையென்றால் இரண்டும் சமம், இதில் உனக்கு என்ன நஷ்டம் என்பார் தேவசகாயம். எது என்று சொல்ல ஆளில்லையே சார் என்று அவள் எத்தனை கருத்தரங்கில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள், எத்தனை பேர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். முதல் வருடப் பிள்ளைகள் இந்தத் தப்பைச் செய்தால் அவள் சிவப்பு மையில் வட்டம் போட்டுப் பக்கத்தில் ஒரு முட்டையும் போடுவாள். அந்தத் தப்பை அவளே செய்து, அச்சில் ஏற்றி, நாலு நாட்டில் படித்திருக்கிறாள், அது ஒருத்தர் கண்ணிலும் படாமல் இத்தனை வருஷம் பவனி வந்திருக்கிறது. படாததற்குக் காரணம் இருக்கிறது, மற்றவர்களுக்கு அது தப்பே இல்லை. அது தப்பு என்று தெரிந்த பத்துப் பேரும் ஆவுடை செய்ய மாட்டாள் என்று நம்பிப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறார்கள்.

“எழுபது பக்கம்,” என்றார் தேவசகாயம், “எழுபது பக்கத்தில் ஒரு வரிகூட இரவல் கிடையாது. இருக்கிறது என்று ஆவுடைநாயகி சொன்னால் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்லுவார்.” கைதட்டல். இந்தக் கைதட்டலுக்காக அவள் எவ்வளவு காலம் காத்திருந்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும், பொய் சொல்வானேன், இதே ஆள் வாயால் இதே வாக்கியத்தைக் கேட்க வேண்டும் என்று குளிக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்திருக்கிறாள். கணிதத் துறை, இது கணினிச் சமாச்சாரம், அங்கே போ என்றது. கணினித் துறை, இது கணக்கு, அங்கே போ என்றது. கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஜெராக்ஸ் மெஷின் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள், மெஷின் ஓடினால் மேஜை நடுங்கும், அந்த நடுக்கத்திலேயே எழுபது பக்கத்தையும் எழுதினாள். பேனா பிடிக்கிற இடத்தில் விரல் காய்த்துப் போயிற்று. ஒரு வரி இரவல் இல்லை. இந்த அரை மணி நேரமாக ஒரு வரி இரவல் இருக்கிறது. பேசாமல் இருந்துவிட்டால் என்ன. பானுவுக்கு மட்டும்தான் தெரியும், பானு செத்தாலும் சொல்ல மாட்டாள். கேடயத்தை வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் நன்றி சொல்லி, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு சரிபண்ணி, அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம், பெரிய பெரிய ஆட்களெல்லாம் செய்கிற காரியம்தான். சரிபண்ண முடியும் என்று எப்படித் தெரியும்? முடியாமல் போகாது, ஆகவே முடியும். இதை நினைத்தவுடன் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. மேடையில் உட்கார்ந்த அரை மணியில் தேவசகாயம் கட்சிக்கு மாறிவிட்டாளே.

எப்போது எழுதினாள் அந்த வரியை. நினைத்துப் பார்த்தால் மேஜைதான் ஞாபகம் வருகிறது, மேஜைமேல் ஃபிளாஸ்கும். அந்த நேர்முகத் தேர்விலிருந்து வெளியே அனுப்பப்பட்ட அன்று மத்தியானம். நேராக அறைக்கு வந்து, மூச்சு வாங்க, இவர்களுக்குக் காட்டுகிறேன் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் நாலாவதையும் ஐந்தாவதையும் எழுதி முடித்தாள், அன்றைக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்தது. கோபத்தில் கையெழுத்துக்கூட அழகாக வந்திருந்தது. மிகப் பெரியதை எடுத்துக்கொள்வோம், கல்லூரியில் சின்ன வயதில் படித்த வாக்கியம், தேவசகாயத்தின் பாடப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற வாக்கியம், நாக்கில் ஊறிப் போனது, கோபத்தில் இருந்த ஆள் கவனிக்காத நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. அவரோடு சண்டை போட எழுதிய பக்கத்தில் அவருடைய வாக்கியம். சிரிப்பு வந்தது ஆவுடைக்கு, அடக்கிக்கொண்டாள், பேச்சாளர் அப்போது தன் மறைந்த மனைவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சரி, சிரித்தது போதும். எது பெரியது என்று சொல்ல முடியாது, அது முடிந்த கதை, யந்திரம் சொல்வது நியாயம். ஆனால் எனக்குப் பெரியது எதற்கு? ஆறாவதில் எதற்குக் கேட்டேன்? ஆறாவதில் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய், மற்றவை இதைவிட மேலே போகாது என்கிறேன். மேலே போகாது. கொஞ்சூண்டு போனால்? கொஞ்சூண்டு போனால் ஆறாவது விழுந்துவிடுமா? இரு, இரு. ஆறாவதில் இடம் இருக்கிறது, அன்றைக்கே தாராளமாக விட்டு வைத்திருக்கிறேன், பாதி இடம் சும்மா கிடக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் முதல் நாள், முதல் வகுப்பில், பேர்கூடக் கேட்காமல், கரும்பலகையில் இரண்டு கோடு போடுவாள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, நடுவில் விரல்கடை இடம் விட்டு. எந்த எண்ணைக் கொடுத்தாலும், அது சரியாக ஒரு கோட்டின் மேல் இருக்கிறதா என்று கேட்காதே, பதில் வராது. கீழ்க்கோட்டுக்கு மேலே இருக்கிறதா, மேல்கோட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று கேள். இரண்டில் ஒன்றை எப்போதும் சொல்லிவிடலாம், நடுவில் விழுந்தால் இரண்டுமே சரி, எதைச் சொன்னாலும் பிழையில்லை. அந்த விரல்கடை இடத்தில்தான் நாம் பிழைக்கிறோம் என்று சொல்லுவாள், பிள்ளைகள் திருதிருவென்று விழிப்பார்கள். விழிக்கட்டும். இத்தனை பிள்ளைகளுக்குச் சொன்னவள் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. பெரியதை எடுக்காதே, பெரியதைவிட ஒரு மயிரிழைக்கு மேல் குறையாத ஒன்றை எடு. அதை எடுக்க முடியும், எது என்று கை நீட்டிச் சொல்லவும் முடியும். ஆறாவது தாங்கும். ஒன்பதாவது தாங்குமா, மயிரிழையைப் பாதியாக்கினால் தாங்கும். கடைசியில் ஒவ்வொரு படிக்கும் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால், தாங்கும், தாங்கும் போலத்தான் இருக்கிறது, நாலாவது முன்னைவிடச் சின்னதாகக்கூட ஆகும். உள்ளங்கை வியர்த்து போன் வழுக்கியது. இந்த வயதில், இந்த வெக்கையில், மடியில் இத்தனை பொன்னாடையோடு, கையில் ஒரு பென்சில்கூட இல்லாமல். யாரால் முடியும் என்று கேட்டுப் பார், எந்தத் துறையில் இருக்கிறான் அப்படி ஒருத்தன். நெஞ்சு நிமிர்ந்துகொண்டது, ஆனாலும் ஓர் ஓரத்தில் பழைய ஆவுடை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போலத்தான் இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? எழுதினாயா? காட்டினாயா? மனசுக்குள் இருப்பதெல்லாம் நிரூபணமா? இருக்கணும் என்பது எனக்கு வேண்டாம். அதற்குள் தேவசகாயம், “இனியும் உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன்” என்றார், இந்த ஒரு நாள் அவர் சொன்னபடியே நிறுத்திவிட்டார்.

கண்ணாடிப் பெட்டியிலிருந்து கேடயத்தை எடுத்து அவர் நீட்டினார், போட்டோக்காரர் முட்டிபோட்டார். ஆவுடை கையை நீட்டவில்லை. மடியிலிருந்ததையெல்லாம் நாற்காலியில் போட்டுவிட்டு நேராக மைக்குக்குப் போனாள். “எல்லாரும் மன்னிக்கணும்,” என்றாள், “நாலாவது துணைத்தேற்றத்துல தப்பு இருக்குன்னு இன்னிக்குக் காலையில என் சிநேகிதி கண்டுபிடிச்சிருக்கா. அவ சொல்லுததுதான் சரி. அதனால இந்த நிமிஷம் அந்தத் தேற்றம் என் கையில இல்ல. சரிபண்ண ஒரு வழி தோணுது, ஆனா இன்னும் எழுதல. எழுதி, சரின்னு ஆன பெறவு வாங்கிக்கிடுதேன்.” நெல்லையப்பன் முழுசாக விழித்துக்கொண்டார். தேவசகாயம் கேடயத்தை அணைத்துப் பிடித்தபடி அவள் பக்கத்தில் வந்து, மைக் இருப்பதை மறந்து, “என்னம்மா இது, தேற்றம் உண்மைதானே. நான்தான் எழுபத்தொன்பதாம் வருஷத்திலேயே இரண்டு பக்கத்தில் நிரூபித்துவிட்டேனே. அது எங்கே போய்விடும்?” என்றார். குரலில் நிஜமான பரிவு இருந்தது. “உங்க ரெண்டு பக்கமும் சரிதான் சார்,” என்றாள் ஆவுடை. “அது உங்களோடது. எனக்கு என்னோடது வேணும்.”

மேடை மேஜையில் கிடந்த வாழ்த்துமடல்களின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, ஒரு பேனாவை வாங்கி, அவற்றைத் திருப்பி வைத்து எழுதினாள். மூன்று தாள் பிடித்தது. ஒன்பதாவதில் ஓரிடத்தில் பேனா நின்றது, மயிரிழை போதவில்லை, மறுபடி பாதியாக்கினாள், போதும் என்று ஆயிற்று. ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்து மேலப்பாளையத்துக்கு அனுப்பினாள். கூட்டத்தில் பாதி சாப்பாட்டுக்கு எழுந்து போயிற்று, வாசல் வழியாகக் குஸ்காவின் மணம் வந்தது. “நீங்க போய்ச் சாப்பிடுங்க சார், நேரமாகும்” என்றாள். தேவசகாயம் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, அவள் பக்கத்து நாற்காலியில் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், தாளை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் படித்தார், ஓரிடத்தில் அவர் விரல் நின்று, பிறகு மேலே நகர்ந்தது. வாழ்த்தியவர்களும் போர்த்தியவர்களும் பேசியது போதும், அவளுக்கு வேண்டியது ஒரு யந்திரத்தின் வாய். அது யாரையும் பாராட்டாது. தப்பென்றால் சிவப்பில் ஒரு வரி எழுதிக் காட்டும், சரியென்றால் சும்மா இருந்துவிடும். பானு பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு அடிக்கிறாள் போல, வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு போன் அடித்தது.

“அடிச்சாச்சு,” என்றாள் பானு. “நாலு, ஆறு, ஒம்பது, கடைசி, எல்லாத்தையும் திருப்பி ஓட விட்டுட்டேன்.”

“என்ன சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லலட்டி,” என்றாள் பானு. “சும்மாத்தான் இருக்கு.”

ஆவுடைநாயகி எழுந்தாள். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள், தேவசகாயத்துக்கு எதிரே வந்து நிமிர்ந்து நின்றாள், இரண்டு கையையும் நீட்டினாள். “இப்பக் குடுங்க சார்” என்றாள்.